அடுப்புக் கரி சொல்லும் சேதி

மாரி காலத்தில் வன்னியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். போரில் கணவரை இழந்த அக்கா ஒருவர் இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். அடுப்படிச் சுவர் முழுவதும் கரி. "விறகு ஈரம் மிஸ், பத்துதில்லை. பொலித்தீனைப் போட்டால்தான் பிடிக்குது" என்றார். பக்கத்தில் கடைசி மகள் இருமிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அம்மா சொன்ன கதை நினைவுக்கு வந்தது. 1990களில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருமையாக இருந்த யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருமாம்.

இந்தக் கரி எங்கிருந்து வருகிறது? விறகிலும் எண்ணெயிலும் காபனும் ஐதரசனும் உண்டு. நன்றாக எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியுமே மிஞ்சும். போதிய காற்று கலக்காவிட்டால், எரியாத காபன் திரண்டு கரித் துணிக்கைகளாகிறது. சுடர் மஞ்சளாகத் தெரிவதும் சூடேறிய இத்துணிக்கைகள் ஒளிர்வதால்தான்.

எவ்வளவு கரி வரும் என்பது எரிபொருளைப் பொறுத்தது. ஸ்பிரிட்டில் ஒட்சிசனும் சேர்ந்திருப்பதால் அது அநேகமாகக் கரியின்றி நீலமாக எரிகிறது. மண்ணெண்ணெயிலுள்ள சில காபன் சேர்வைகள் வளையமாகப் பிணைந்தவை. அவை கூடக்கூடப் புகையும் கூடும். றெஜிபோமில் இத்தகைய வளையங்கள் மிக அதிகம். அதனால்தான் அதை எரித்தால் கரி நூல் நூலாகப் பறக்கிறது. பொலித்தீனும் அடுப்பில் அரைகுறையாக எரிந்து நச்சுப் புகை தரும். ஈர விறகிலோ, தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிறது. நெருப்புத் தணிந்து, எரியாத வாயுக்கள் புகையாக வெளியேறுகின்றன.

சட்டியில் படிவதைத் தேய்த்துக் கழுவலாம். நெஞ்சுக்குள் போவதைக் கழுவ முடியாது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. வீட்டில் மண்ணெண்ணெய் எரிப்பதைத் தவிர்க்கும்படியும் 2014இல் அது அறிவுறுத்தியது.

காசில்லாமல் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. விறகைச் சிறிதாகப் பிளந்து, மாரிக்கு முன்பே கூரைக்குக் கீழ் அடுக்குங்கள். காய்ந்த ஓலையாலும் சிரட்டையாலும் அடுப்பை மூட்டுங்கள். விறகுக்குக் கீழே காற்றுப் போக இடம் விடுங்கள். விளக்குத் திரியைத் தாழ்த்தி வையுங்கள். புகை வெளியேற யன்னலைத் திறந்து விடுங்கள்.

அன்று அந்த அக்காவும் நானும் விறகைத் தாழ்வாரத்தில் அடுக்கினோம். மகளைக் கிளினிக்குக்கும் கூட்டிச் சென்றோம். அடுத்த முறை நான் போனபோது அடுப்பருகே ஒரு பை நிறையச் சிரட்டை இருந்தது. "பொலித்தீன் போடுறேல்லை மிஸ்" என்றார். சுவரில் பழைய கரி அப்படியே இருந்தது. மகளின் இருமல் சற்றுக் குறைந்திருந்தது.