இல்லறத்தில் நஃபில் நோன்பு

உண்ணும் நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய பொழுதில் வயிற்றை வெறுமையாக விடும் உணவுமுறை இன்று படித்தவர்களிடையே பரவியுள்ளது. நாளில் 16 மணி நேரம் உண்ணாதிருப்பது ஒரு வகை. வாரத்தில் 2 நாள் மட்டும் உணவை மிகக் குறைப்பது மற்றொன்று, 2012இல் பி.பி.சி. ஆவணப்படம் ஒன்றின் வாயிலாக இது புகழ்பெற்றது. கணவனும் மனைவியுமாக இதைத் தொடங்க விழைவோர், திங்கள், வியாழன் சுன்னத்தான நோன்புகளையே இதற்குரியவையாக ஆக்கிக்கொள்ளலாமா என வினவுகின்றனர்.

வினா புதிதன்று. நோன்பின் நிய்யத்துடன் பத்தியத்தையும் மருத்துவத்தையும் சேர்த்து எண்ணினால் நோன்பு நிறைவேறுமா என்பதை ஹிஜ்ரி 911இல் மறைந்த இமாம் சுயூத்தீ (ரஹ்) தம் 'அல்அஷ்பாஹ் வந்நழாயிர்' நூலில் ஆராய்கிறார். நிறைவேறும் என்பதே சரியான கருத்து. உடல் மெலிவதை மட்டுமே கருதினால் அது பத்தியமே, நோன்பன்று. பத்தியக்காரர் தண்ணீர் அருந்தலாம்; நோன்பாளி அருந்தலாகாது.

கணவன் உடனிருக்கையில் அவன் இசைவின்றி மனைவி நஃபில் நோன்பு நோற்கலாகாது எனும் நபிமொழியை (புகாரீ, முஸ்லிம்) எல்லாரும் அறிவர். இல்லற உரிமையே இதன் காரணம் என்பர் இமாம் நவவீ (ரஹ்). அவ்வுரிமை கணவனையும் கட்டுப்படுத்துவதை நம் பயான்கள் ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) நாள்தோறும் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். அவர் தம் படுக்கையை மிதித்ததே இல்லை என்பதை மனைவி நாசூக்காக மாமனாரிடம் உணர்த்த, செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டிற்று. மனைவிக்குள்ள உரிமையை நினைவூட்டிய நபியவர்கள் மாதம் 3 நோன்பு போதும் என்றார்கள். அவரோ மேலும் மேலும் கேட்க, இறுதியில் ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்கும் தாவூத் (அலை) நோன்பை எல்லையாக வகுத்தார்கள். முதுமையில், அன்று தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என அவர் ஏங்கியதும் அதே அறிவிப்பில் உண்டு. அபுத்தர்தா (ரலி) வீட்டிலும் இதே நிலைதான்: அலங்காரமற்றிருந்த இல்லத்தரசியைக் கண்ட ஸல்மான் (ரலி), தம்முடன் உண்ணுமாறு கூறி அவரது நோன்பை விடச் செய்தார்கள்.

ஆகவே இருவரும் கலந்துபேசி ஒரே நாளில் நோற்பதே இசைவான வழி. மத்ஹபு வேறுபட்ட தம்பதியர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். விருந்தினர் வந்து இருவரும் நஃபில் நோன்பை விட்டால், ஷாஃபியீ மத்ஹபில் கழா கடமையில்லை. ஹனஃபீ மத்ஹபில் வாஜிபு. இன்சுலின் போடுவோருக்கும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகள் உண்போருக்கும் மருத்துவர் ஒப்புதலின்றி இது ஆகாது, துணைக்காகவேனும் துணியலாகாது.

மனைவிக்கு ரமலான் கழா நிலுவையிருப்பின் அதையே முற்படுத்துவது நலம். நஃபிலுக்கு, ஃபஜ்ர் முதல் எதுவும் உண்ணாதிருந்தால், நண்பகலுக்கு முன்வரை நிய்யத் வைக்கலாம். கழாவுக்கு இரவிலேயே வைத்தாகவேண்டும்.