உங்களுக்குத் தெரியுமா? மறுநாள் தொடைவலிக்கு லாக்டிக் அமிலம் காரணமல்ல!

ஞாயிறு காலை 30 கிலோமீட்டர் பயிற்சி ஓட்டம் ஓடியவருக்குத் திங்களன்று மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும்பாடு. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குவார். பழி மட்டும் லாக்டிக் அமிலத்தின் தலையில் விழும். பாவம், ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வலியோ 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சம் தொடுகிறது. தசை இழைகளில் விழும் நுண்ணிய கிழிசலே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902-லேயே எழுதிவிட்டார்.

தசை நீண்டபடியே சுமை தாங்கும்போது சேதம் அதிகம். இறக்கத்தில் ஓடும்போது முன்தொடை அடிக்கு அடி பிரேக் போடுவது இப்படித்தான். பாஸ்டன் மாரத்தான் தொடங்குவதே இறக்கத்தில். அங்கே குஷியாகப் பறந்தவர்களை, பின்னால் வரும் நியூட்டன் மேடுகளில் தொடை பழிவாங்கிவிடும். ஒரு ஆறுதல்: ஒருமுறை இப்படி அடிபட்ட தசைக்குச் சில வாரம் கழித்து அதே ஓட்டம் அவ்வளவாக வலிப்பதில்லை.

ஆனால் கடும் வலியோடு சிறுநீரும் கோலா நிறத்தில் போனால், தசைச் சேதம் எல்லை மீறியிருக்கலாம்; தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.