தேள்கொட்டும் பிரசோசின் சிகிச்சையும்

தேள்கொட்டுக்கான பிரசோசின் சிகிச்சை என்பது, செந்தேள் நஞ்சால் இதயமும் நுரையீரலும் பாதிக்கப்படுவதைத் தடுக்க வாய்வழியாக மாத்திரை கொடுக்கும் மருத்துவ முறையாகும். கிராமத்து மருத்துவர் ஒருவரின் ஆய்வு அவசர சிகிச்சைப் பிரிவுகளின் அன்றாட நடைமுறையாக மாறியதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

நஞ்சு செயல்படும் விதம்

பார்வைக்கு அச்சமூட்டும் பெரிய கருந்தேளின் நஞ்சு பெரும்பாலும் வலியோடு நின்றுவிடும். அதைவிடச் சிறிய செந்தேளே உயிருக்கு ஆபத்தானது. அதன் நஞ்சு நரம்புகளைத் தூண்டி, அட்ரினலின் போன்ற சுரப்புகளை அளவுக்கு மீறி வெளியேற்றுகிறது. இதனால் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இதயம் தளர்கிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. வாந்தி, மிகுந்த வியர்வை, கைகால் சில்லிடுதல் ஆகியவை முன்னறிகுறிகள். எடை குறைந்த குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

ஆய்வு

மகாராட்டிர மாநிலம் ராய்கட் மாவட்டத்தில் பணியாற்றிய மருத்துவர் இம்மத்ராவ் பாவஸ்கர், தேள்கொட்டி வந்தவர்களின் அருகிலேயே இருந்து அறிகுறிகளைக் குறித்துவைத்தார். அவற்றை 1982-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். சுருங்கிய இரத்தக் குழாய்களைத் தளர்த்தினால் இதயத்தின் சுமை குறையும் என்று கருதி, உயர் இரத்த அழுத்தத்துக்குரிய பிரசோசினைப் பயன்படுத்தினார். இதன் முடிவுகள் 1986-இல் அதே இதழில் வந்தன. நுரையீரலில் நீர் கோத்தவர்களில் முன்பு 25 முதல் 30 விழுக்காட்டினர் இறந்தனர் என்றும், பிரசோசின் வந்தபின் அது ஏறத்தாழ 1 விழுக்காடாகக் குறைந்தது என்றும் அவர் பதிவு செய்துள்ளார்.

அவர் தம் கண்டுபிடிப்போடு நின்றுவிடவில்லை. 70 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வை, மருத்துவரான தம் மனைவி பிரமோதினியுடன் 2011-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். பிரசோசினுடன் தேள் நச்சுமுறி மருந்தும் பெற்ற 35 பேரில் 32 பேர் 10 மணி நேரத்தில் குணமடைந்தனர். பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் 8 பேரே அந்நேரத்தில் குணமடைந்தனர். 2022-இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

புதுச்சேரியில்

புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர்கள், வரையறுத்த நெறிமுறைப்படி சிகிச்சை பெற்ற குழந்தைகளின் நிலையை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டனர். நெறிமுறை என்பது எந்த அறிகுறிக்கு, எந்த மருந்தை, எவ்வளவு, எப்போது கொடுப்பது என்னும் எழுத்துவடிவ ஒழுங்காகும். இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவரும் மூத்தவரின் வருகைக்காகக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்க இது உதவுகிறது.

வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். கைகால்கள் சூடாகும்வரை 3 மணிக்கு ஒருமுறை இது தரப்படும். இரத்த அழுத்தம் திடீரெனக் குறையக்கூடும் என்பதால் நோயாளியைப் படுக்கவைத்தே கண்காணிப்பர். வலி மட்டும் உள்ளவர்களுக்கு இம்மருந்து தேவையில்லை.

பொதுமக்கள் கவனத்திற்கு

திருக்கனூர், வில்லியனூர், பாகூர் போன்ற ஊர்ப்புறங்களில் விறகுக் குவியல், கூரை இடுக்கு, கழற்றிவைத்த செருப்பு ஆகியவற்றில் தேள் ஒளிந்திருக்கலாம். கொட்டியபின் கடிவாயைக் கீறுவதும் மந்திரிக்கச் செல்வதும் நேரத்தை வீணாக்கும். குழந்தைக்கு வியர்வையோ வாந்தியோ சில்லிடுதலோ கண்டால், 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டிலுள்ள பெரியவரின் இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாகவே கொடுத்துவிடக் கூடாது. கொட்டிய நேரத்தைக் குறித்துச் சென்று மருத்துவரிடம் கூறுவது சிகிச்சைக்குப் பெரிதும் துணைபுரியும்.