பாம்பும் நம் அச்சமும்

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. படை நடுங்கியதை யாம் கண்டதில்லை. ஆயின் நம் மாணவர் இருபதின்மர் நடுங்கியதைச் சென்ற ஆண்டு நேரிற் கண்டோம். மழை ஓய்ந்த ஒரு விடுமுறையில் அவர்களை அழைத்துக்கொண்டு மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். பகற்பொழுதில் வரப்பின்மீது வரிசையாக நடந்து செல்லுங்கால், ஆறடி நீளமுள்ள சாரைப்பாம்பு ஒன்று குறுக்கே ஓடிற்று. முன் சென்றோர் கூவினர். பின் வந்தோர் ஓடினர். இருவர் கைத்தடியால் அதனை அடித்துக் கொன்றனர். கொன்ற பாம்பைக் கழியில் தூக்கிக்கொண்டு வெற்றி வீரர்போல் அவர்கள் ஊருக்குள் நுழைந்தபொழுது, திண்ணையிலிருந்த முதிய உழவர் ஒருவர் அதனைப் பார்த்து, "தம்பிகளா, எங்கள் வயலுக்குக் காவலாக இருந்ததைக் கொன்றுவிட்டீர்களே! இனி எலிக்கு யார் பதில் சொல்லுவது?" என்றார்.

அன்றிரவே மற்றொரு காட்சியும் கண்டோம். அதே மாணவர்கள் விளக்கின்றி, வெறுங்காலுடன், வைக்கோற்போரின் ஓரமாக நடந்து கிணற்றிற்குச் சென்று கைகால் கழுவி வந்தனர். வந்து சாவடியின் வெறுந்தரையிற் படுத்து உறங்கினர். பகலில் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி ஓருயிரைக் கொன்றவர்கள், இரவில் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாது தம் உயிரையே பணயமாக வைத்தனர். அவர்களை அழைத்துச் சென்ற யாமும் முதலில் வாளா இருந்தோம். உறக்கம் வராது கிடந்தபொழுதுதான் எம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று நினைவில் எழுந்தது. உடனே எழுந்து விளக்கேற்றி, எல்லாரையும் எழுப்பிக் கட்டில்களுக்கும் பெஞ்சுகளுக்கும் மாற்றினோம். அந்நிகழ்ச்சியைப் பின்னர்க் கூறுவோம். அச்சம் தவறன்று; அறிவில்லாத அச்சமே தவறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பாம்புக்கடியாவது எங்கோ எப்பொழுதோ நிகழ்வது என்று நகரத்தில் வாழ்வோர் எண்ணலாம். 2000 முதல் 2019 வரையுள்ள இருபதாண்டுகளில் இந்தியாவிற் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டு 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 உயிர்கள் என்பது அதன் பொருள். இவர்களிற் பெரும்பாலோர் நாட்டுப்புறத்து ஏழை உழவரும், கூலியாட்களும், அவர்தம் மக்களுமாவர். உலக சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் பாம்புக்கடி நஞ்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையிற் சேர்த்தது. புறக்கணித்தோர் யாவர் எனின், கற்றவராகிய நாமே என்று கூறுதல் மிகையாகாது.

இனி அஞ்சத்தக்கவை எவை என்று காண்போம். நம் நாட்டிலுள்ள பாம்பு வகைகள் ஏறத்தாழ 300. அவற்றுள் நஞ்சுடையவை 60-ஐ ஒட்டியே அமையும். நஞ்சுடைய அவற்றுள்ளும், மனிதர் வாழுமிடங்களிற் பெருகி மிகுதியான உயிர்களைக் கொள்ளை கொள்வன நான்கே. முதலாவது நல்லபாம்பு எனப்படும் நாகம். படம் எடுத்துத் தன்னை அறிவிக்கும் இயல்பினது. ஆதலின் அடையாளம் காண்டல் எளிது. இரண்டாவது கட்டுவிரியன். நீலங்கலந்த பளபளப்பான கருநிற உடலின் குறுக்கே மெல்லிய வெண்வரிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாகச் செல்லும். பகலிற் பதுங்கியிருந்து இரவில் உலவும். மூன்றாவது கண்ணாடிவிரியன். பருத்த பழுப்பு உடலில் சங்கிலி கோத்தாற்போன்ற நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாக இருக்கும். கொல்லன் துருத்திபோல் உரக்கச் சீறும். இதனை மலைப்பாம்பின் குட்டியென மயங்கிக் கையாற் பிடித்துக் கெட்டவர் உண்டு. நான்காவது சுருட்டைவிரியன். உருவிற் சிறியது, வறண்ட நிலத்தில் வாழ்வது, உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி, வாள்கொண்டு அறுப்பதுபோல் ஓசை எழுப்புவது.

இந்நான்கனையும் இனங்கண்டு கொள்ளாத அச்சம் எல்லாவற்றையும் ஒன்றாகவே காணும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அன்றோ? பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பர். கொம்பேறிமூக்கன் கடித்தபின் மரத்தின்மேல் ஏறி, கடியுண்டவனுடைய சிதையின் புகையைக் கண்ட பின்னரே இறங்கும் என்பர். மண்ணுளிப்பாம்பிற்கு இரண்டு தலை என்பர். சாரையும் நாகமும் பிணையும் என்பர். இவை யாவும் கற்பனையே. கொம்பேறிமூக்கன் மனிதர்க்குத் தீங்கு செய்யாதது. மரங்களில் ஓணானும் தவளையும் தேடி உண்பது. மண்ணுளியின் வால் மழுங்கியிருத்தலின் தலைபோல் தோன்றுகிறது. பின்னிப் பிணைந்து நிமிர்ந்து நிற்கும் சாரைகள் பெரும்பாலும் தம்முள் வலிமை காட்டும் இரண்டு ஆண்களே. பாம்பிற்குப் புறச்செவி இல்லை. நிலத்தின் அதிர்ச்சியைத் தாடையெலும்பின் வழியாக உட்செவியால் நன்குணரும்; காற்றில் வரும் ஒலியை ஓரளவே அறியும். மகுடிக்கு முன் அது அசைவது இசையில் மயங்கியன்று. தன்முன் அசையும் குழலைக் கண்காணித்தே அவ்வாறு அசைகின்றது. பழிவாங்குவதற்கு வேண்டிய நினைவும் சூழ்ச்சியும் அதற்கு இல்லை. தன்னால் விழுங்க இயலாத மனிதனைக் கடிப்பதாற் பாம்பு பெறும் பயன் யாது? மிதிக்கப்பட்டபொழுதும், நெருக்கப்பட்டபொழுதும், ஓட வழியில்லாதபொழுதும் தற்காப்பிற்காகவே கடிக்கின்றது.

அப்படியாயின் மந்திரத்தாற் பிழைத்தவர் பலரை எங்களூரிற் கண்டிருக்கிறோமே என்று சிலர் வினவுவர். அதற்கு விடை எளிது. மனிதரைக் கடிக்கும் பாம்புகளிற் பல நஞ்சில்லாதவை. நஞ்சுள்ளதும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாது வெறும் பல்லை மட்டும் பதித்துவிடும். இவ்விருவகைக் கடிக்கும் உள்ளானவன் மந்திரித்தாலும் பிழைப்பான், மந்திரியாவிடினும் பிழைப்பான். ஆயின் புகழ் மந்திரத்தைச் சேர்கின்றது. நஞ்சேறியவன் இறக்குங்கால், "காலம் கடந்து வந்தான்" என்று பழி அவன் விதியைச் சேர்கின்றது. இங்ஙனம் வெற்றிகள் மட்டும் எண்ணப்படுவதால் நம்பிக்கை வளர்ந்துகொண்டே போகின்றது.

முன்னர்க் குறித்த நிகழ்ச்சியை இங்கே கூறுவது பொருந்தும். எம் ஊரில் எம்மோடு விளையாடிய இளைஞன் ஒருவன் அறுவடைக் காலத்திற் களத்துமேட்டில் தரையிற் பாய்விரித்துப் படுத்திருந்தான். விடியுமுன் வயிற்றுவலி என்று எழுந்தான். வாயு என்று எண்ணி இஞ்சிச்சாறு கொடுத்தனர். சிறிது நேரத்தில் அவன் கண்ணிமைகள் தாமே சரிந்தன, பேச்சுக் குழறிற்று. காத்து கருப்பு அடித்ததென்று மந்திரிப்பவரை அழைத்தனர். அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றவர் யாமே. அவன் விழித்திருந்தும் விழி திறக்க மாட்டாமல் எம் கையைப் பற்றிக்கொண்டிருந்தான். வைத்தியசாலைக்கு வண்டி பூட்டியபொழுது சூரியன் உதித்துவிட்டது. வழியிலேயே மூச்சு நின்றது. அவன் உடலில் வீக்கம் இல்லை. காயமென்று சொல்லத்தக்கதும் இல்லை. பாயைச் சுருட்டியபொழுது கட்டுவிரியன் அடியிற் கிடந்தது. அதன் கடி ஊசிமுனைபோல் நுண்ணியது. வலி தோன்றாமலே போதலும் உண்டு. தரையில் உறங்கினவன் விடியலில் வயிற்றுவலியோடும் சரிந்த இமையோடும் எழுவானாயின், கடிவாய் தெரியாவிடினும் பாம்புக்கடியென்று ஐயுறுதல் வேண்டும். இவ்வொன்றை அன்று அங்கு நின்ற எவரும் அறிந்திலோம். பாம்பு ஒரு முறை கடித்தது. எம் அறியாமை இரவு முழுவதும் கடித்துக்கொண்டிருந்தது.

நஞ்சின் தொழிலைச் சிறிது அறிந்துகொள்வோம். நாகத்தின் நஞ்சும் கட்டுவிரியனின் நஞ்சும் நரம்பு தசைக்கு இடும் கட்டளையைத் தடுக்கின்றன. இமை சரிதல் முதற்குறி. மூச்சுவிடும் தசைகள் ஓய்தல் முடிவு. விரியன் இரண்டின் நஞ்சோ குருதியின் உறையும் தன்மையைக் கெடுக்கின்றது. கண்ணாடிவிரியனின் நஞ்சு சிறுநீரகத்தையும் அழிக்கும். வைத்தியர் கடியுண்டவரின் குருதியிற் சிறிதளவை உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிஷம் அசையாது வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பர். உறையாமல் ஓடுமாயின் விரியன் நஞ்சு ஏறியுள்ளது என்பது தெளிவு. எளிய இச்சோதனை சிறிய வைத்தியசாலையிலும் செய்யத்தக்கது.

இந்நஞ்சிற்கு மாற்று நஞ்சுமுறி மருந்து ஒன்றே. 1890-களில் ஆல்பெர்ட் கால்மெட் முதலிய பிரெஞ்சு அறிஞர்கள் இதற்கு வழி கண்டனர். குதிரைக்குப் பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றினால், அதன் குருதியில் நஞ்சை எதிர்க்கும் பொருள் உண்டாகும். அதனைப் பிரித்தெடுத்தலே மருந்து. நம் நாட்டில் வழங்கும் மருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சிற்கும் பொதுவானது. இதற்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்துத் தருவதில் நம் தமிழ்நாட்டு இருளர்க்குப் பெரும்பங்கு உண்டு. முன்னாளில் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் அத்தொழில் அற்றுப்போயிற்று. 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரத்தையடுத்த வடநெம்மேலியில் நஞ்செடுக்கும் தொழிலை அவர்கட்கு வகுத்துக் கொடுத்தது. பாம்பைக் கொல்லாமற் பிடித்துச் சில வாரம் வைத்திருந்து, நஞ்சு எடுத்து, அடையாளமிட்டு மீண்டும் விட்டுவிடுவர். இவ்வினத்தாராகிய வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர்க்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பள்ளி காணாத அவர்தம் அறிவு எத்தனையோ பட்டதாரிகளின் உயிரையும் காத்துள்ளது.

கடியுண்டார்க்குச் செய்யவேண்டியன சில, செய்யலாகாதன பல. முதலில் அவர்க்குத் தேறுதல் கூறுக. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றுக. வீக்கம் ஏறினால் அவையே உறுப்பை நெரிக்கும். எலும்பு முறிந்தார்க்குச் செய்வதுபோல் கடிபட்ட உறுப்பை மட்டை வைத்து அசையாதிருக்கச் செய்க. நடக்கவிடாது தூக்கிச் செல்க. 108 ஊர்தியை அழைக்க. கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல், பச்சிலையும் சாராயமும் புகட்டுதல் ஆகிய யாவும் தீங்கே. பாம்பைத் தேடிக் கொன்று எடுத்துச் செல்ல வேண்டுவதில்லை. மருந்து நான்கிற்கும் பொதுவாதலாலும், வைத்தியர் குறிகளைக் கொண்டே முடிவு செய்வராதலாலும் அத்தேடலிற் கழியும் நேரம் வீணே, தேடுவோனும் கடியுண்பான்.

வருமுன் காத்தல் இவற்றினும் எளிது. இரவிற் செல்வோர் டார்ச்சு விளக்கும் செருப்புமின்றிச் செல்லற்க. புல்லிலும் சருகிலும் கோலால் தட்டி நடக்க. விறகுக் குவியலிலும் கல்லிடுக்கிலும் பாராது கைவிடற்க. தரையில் உறங்க நேரின் கொசுவலையைப் பாயின் அடியிற் செருகிக்கொள்க. வீட்டைச் சுற்றிக் குப்பையும் சிந்திய தானியமும் இருப்பின் எலி வரும். எலி வரின் பாம்பும் வரும். பாம்பை எதிர்ப்பட்டால் அசையாது நின்று, மெல்லப் பின்னடைந்து, அதற்கு வழி விடுக. வீட்டினுள் புகுந்ததாயின் கண்ணை அதன்மீது வைத்துத் தீயணைப்பு நிலையத்தார்க்கோ வனத்துறையார்க்கோ அறிவிக்க. நாகமும் சாரையும் சட்டத்தாற் காக்கப்படுவன. அவற்றைக் கொல்லுதல் குற்றம்.

மலைக்காட்டில் அஞ்சப்படும் பிற விலங்குகட்கும் இதுவே நெறி. கரடி பெரும்பாலும் மனிதனைத் தேடி வருவதில்லை. புற்றைத் தோண்டுவதில் ஆழ்ந்திருக்கையில், ஓசையின்றி வந்தவனை மிக அருகிற் கண்டு திடுக்கிட்டே பாய்கின்றது. யானையும் தன் வழியை மறிப்பவனையும் கன்றை அணுகுபவனையுமே பெரிதும் வெகுள்கின்றது. ஆதலின் காட்டிற் கூட்டமாக, பேச்சுக்குரல் கேட்கச் செல்லுதலும், தொலைவிற் கண்டதும் விலகி நிற்றலும் நன்று. எதிர்பாராத நெருக்கமே இவ்விடர்கட்கெல்லாம் பெரும்பாலும் காரணம்.

2024-ஆம் ஆண்டில் நம் மாநில அரசு பாம்புக்கடியை வைத்தியசாலைகள் கட்டாயமாக அறிவிக்கவேண்டியவற்றுள் ஒன்றாக்கிற்று. எந்த ஊரில் எத்தனை பேர் கடியுண்டனர் என்பது தெரிந்தால், மருந்தை அங்கு முன்கூட்டியே வைத்தல் கூடும். அரசு செய்வது இது. நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. நம் மாணவர் பலர் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். விடுமுறையில் ஊர் செல்லுங்கால் இக்கட்டுரையிற் கண்ட நான்கு பாம்புகளின் அடையாளத்தையும், சரியும் இமையின் பொருளையும், தம் வீட்டாரிடத்தும் அண்டை வீட்டாரிடத்தும் கூறுவாராயின் அதுவே போதும்.

இவ்வாண்டும் அதே சிற்றூருக்குச் சென்றோம். முன்னிரவில் மாணவர் விளக்குடனும் கோலுடனும் கிணற்றுக்கு நடந்தனர். பாதையின் குறுக்கே கட்டுவிரியன் ஒன்று மெல்ல ஊர்ந்தது. ஒருவரும் கூவவில்லை, ஒருவரும் ஓடவில்லை. எட்டடி தூரத்தில் எல்லாரும் நின்றனர். அது தன் வழியே வேலிக்குள் மறைந்தது. சென்ற ஆண்டு சாரையை அடித்த மாணவர் அதன்பின்னும் சிறிது நேரம் விளக்கை வேலியின்மேல் வைத்திருந்து, "போய்விட்டது, வாருங்கள்" என்று முன் நடந்தார். அச்சம் அவரிடத்தும் இருந்தது, எம்மிடத்தும் இருந்தது. ஆயினும் அவ்விரவில் எவ்வுயிர்க்கும் சேதமில்லை.