தொலைவில் அமர்ந்த ஆசான்

அறுவைச் சிகிச்சை கற்பவர் ஆசிரியரின் கண்ணெதிரே கைப்பழக்கம் பெறலாம். மனநோய்க்குச் சிகிச்சை செய்யக் கற்பவருக்கோ, நோயாளியும் தாமுமாகத் தனித்திருக்கும் அறையில் நடக்கும் பேச்சே சிகிச்சையாகையால், நடந்ததைப் பிற்பாடு ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்லிக் குற்றங்குறைகளைத் திருத்திக்கொள்வதே நெடுங்கால வழக்கம். இதற்கு மேற்பார்வை என்று பெயர்.

எட்ட இருந்து மேற்பார்வை செய்வது இன்று முளைத்த சங்கதியன்று. வியன்னாவில் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டு 1909-இல் வெளியிட்ட ‘சின்ன ஹான்ஸ்’ சரித்திரத்தில், குதிரையைக் கண்டு நடுங்கிய பாலகனுக்குச் சிகிச்சை செய்தவர் அவன் தந்தையே. அவருடைய குறிப்புகளைக் கொண்டு வழி சொன்ன ஃப்ராய்டு அச்சமயத்தில் சிறுவனை நேரில் கண்டு பேசியது ஒரே ஒரு முறைதான். ஆனால் ஞாபகம் பொல்லாதது: தாம் சாதுரியமாகப் பேசிய இடம் நினைவிலிருக்கும், நோயாளி சொல்ல வந்ததை இடைமறித்த இடம் நினைவிராது. ஆகவேதான் அமெரிக்காவில் உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ், 1940-களின் தொடக்கத்திலேயே, சம்பாஷணைகளைக் கிராமபோன் தட்டுகளில் பதித்து மாணாக்கர்களின் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்.

அந்தத் தட்டின் ஸ்தானத்தில் இப்போது வீடியோ வந்திருக்கிறது; அதன்வழியே தொலைவிலுள்ளோர் கூடிப் பேசவும் முடிகிறது. நியூ மெக்ஸிகோவில் ஈரல் நிபுணர் சஞ்சீவ் அரோரா, கிராமப்புற மருத்துவர்களின் பொருட்டு 2003-இல் தொடங்கிய ‘எக்கோ’ முறையைப் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் கைக்கொண்டு, சத்தீஸ்கரின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு மனநல சிகிச்சையில் வழிகாட்டியது. மருத்துவர் ஒருவர் பெயரை மறைத்து ஒரு நோயாளியின் விருத்தாந்தத்தைச் சொல்ல, நிபுணர்கள் வினவ, ஒருவருடைய சந்தேகத்தில் திரையிலுள்ள பலரும் பாடம் கற்கிறார்கள்.

குறைகளும் உண்டு. திரையில் தெரிவது மார்பளவு உருவமே. தம் பிழையைச் சொல்லக் கூசும் மாணவர் மேஜைக்கடியில் விரல்களைப் பிசைவதை ஆசிரியர் காண்பதில்லை. இணைப்பு ஒரு கணம் தாமதித்தால் அதுவே தயக்கமாகத் தோன்றும். உண்மையான தயக்கமோ இணைப்பின் கோளாறென்று கழிந்துபோகும். (இரண்டாவதே அதிக நஷ்டம் என்பேன்.) முதற்சில அமர்வுகளை நேரில் வைத்துக்கொண்டு, பரிச்சயம் ஏற்பட்டபின் திரைக்கு மாறுவது உசிதம் என்பது என் அபிப்பிராயம்; ஆனால் ஆசிரியரே இல்லாத ஊரில் இந்த விவாதத்துக்கு இடமில்லை.

திரைவழி மேற்பார்வையின்போது அறைக்கதவு சாத்தியிருக்க வேண்டும், காதில் இயர்போன் இருக்க வேண்டும் என்பவை சில்லறை விஷயங்கள் அல்ல. பேசப்படுவது ஒருவருடைய அந்தரங்கம். வாசகர்களே, உங்கள் பேச்சைப் பதிவு செய்ய யாரேனும் அனுமதி கேட்டால், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று கேட்டறிந்த பிறகே இணங்குங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியக் காப்பை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது.