படுத்த மாட்டை அடிக்காதீங்க

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் தொழுவத்துத் தரை காயவே காயாது. அந்த ஈரத்தில் கன்று போட்ட மாடு எழும்பாமல் படுத்துவிட்டால் என்ன செய்வது?

நிறையப் பால் கறக்கும் கலப்பின மாடுகளுக்கு, கன்று போட்ட இரண்டு மூன்று நாளுக்குள் பால் காய்ச்சல் வருவதுண்டு. பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது, காது சில்லென்று இருக்கும். கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துக்கொள்ளும். ரத்தத்தில் உள்ள கால்சியம் திடீரெனப் பாலுக்குப் போய்விடுவதால் தசையில் வலு இருக்காது. "சண்டித்தனம் பண்ணுது" என்று வாலை முறுக்குவதும், கம்பால் அடிப்பதும் பாவம். அதனால் எழும்பவே முடியாது.

உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க, இல்லையென்றால் 1962-க்கு போன் போடுங்க. டாக்டர் நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றினால் பல மாடுகள் சில மணி நேரத்திலேயே எழும்பிவிடும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. குழுக் கடனில் வாங்கிய மாடென்றால், மாடு போய்த் தவணை மட்டும் நிற்கும்.

டாக்டர் வரும்வரை பண்டுவம் நம்ம கையில்தான். காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்புங்க. நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இருபுறமும் வைக்கோல் அடைத்த சாக்கை முட்டுக் கொடுங்க. ஒருக்களித்துக் கிடந்தால் வயிறு உப்பும். சில மணிக்கு ஒருதரம் பக்கம் மாற்றணும். இல்லாவிட்டால் அடியில் கிடக்கும் கால் மரத்துப்போய், நோய் தீர்ந்தாலும் மாடு எழும்பாது. கஷாயம், கஞ்சி எதையும் வாயில் ஊற்றாதீங்க, நுரையீரலுக்குள் போய்விடும். ஊரே கூடி நிற்கவும் வேண்டாம். தினமும் கறக்கிறவங்களே பக்கத்தில் இருந்து பேசி, கழுத்தைத் தடவிக் கொடுக்கட்டும். பழகின குரலுக்கு மாடு மிரளாது.

எழும்பிய பிறகும் ஒன்றிரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீங்க. கன்றுக்கு வேண்டிய சீம்பால் மட்டும் போதும்.