காப்பவரைக் காப்போர் யார்?

இலண்டன் மாநகரில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் விக்டோரியா கிளிம்பியே என்னும் எட்டு வயதுச் சிறுமி, அடைக்கலம் புகுந்த உறவினர் இல்லத்தின் கொடுமையால் உயிர்நீத்தாள். உடலெங்கும் 128 காயங்கள்! குழந்தை நல அலுவலகங்களும் மருத்துவமனைகளும் அவளை அறிந்தே இருந்தன. அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் கிட்டியும் அனைத்தும் நழுவின என்று லார்டு லேமிங்கின் விசாரணை அறிக்கை 2003இல் உரைத்தது.

கள ஊழியர்மீது மட்டும் பழி சுமத்தி அவர் அமைந்துவிடவில்லை, மேலதிகாரிகளையும் வினவினார். மேற்பார்வையாளர் குறித்த இடைவெளிகளில் குழந்தையின் கோப்பைத் தாமே படித்து, ஆராய்ந்து, கையொப்பமிட வேண்டும் என்பது அவருடைய 108 பரிந்துரைகளுள் ஒன்று.

சகோதர, சகோதரிகளே! அனுபவமற்ற ஊழியருக்குத் துணிவும் தெளிவும் தர வேண்டியவர் மேற்பார்வையாளரே. அவருக்கே பயிற்சியும் துணையும் இல்லையெனில், கோப்பில் கையொப்பம் இருக்கும், குழந்தை இராது. அமானிதத்தைக் காப்பவரையும் தாங்கி நிற்பது நம் கடமையன்றோ?